தாய்மாமன் இல்லாத கல்யாணக் கேசட்

போன தைக் கல்யாண சீசனோடு நான் வேலையை விட்டேன். ஸ்டுடியோவில் கடைசியாக என் கண் முன்னால் முடிந்த வேலை, ஒரு பெண்ணைப் படத்திலிருந்து எடுத்துவிடுவது. ஒரு வீட்டில் இளைய மகன் கல்யாணத்தின்போது சிரித்துக்கொண்டு பந்தி விசாரித்த மூத்த மருமகள், வீடியோ கைக்கு வருவதற்குள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் எந்த இடத்திலும் இருக்கக் கூடாது என்று மாமியார் வந்து சொன்னார். எங்கள் ஸ்டுடியோவில் எடிட்டிங் பார்க்கும் பிரேமா கம்ப்யூட்டரில் அந்தப் பெண்ணைச் சுற்றி ஒரு கோடு இழுத்தாள். பெண் காணாமல் போனாள். அவள் நின்ற இடத்தில் பின்னாலிருந்த சுவரும் வாழைமரமும் தாமாக வந்து நிரம்பிக்கொண்டன. பிரேமா வாங்கி வைத்திருந்த டீ ஆறக்கூட இல்லை.

"ஒங்க காலத்துல இப்பிடி ஒரு ஆள எடுக்கச் சொன்னா என்னக்கா செய்வீக?" என்று கேட்டாள்.

"ஒருத்தர எடுத்திருக்கேன். பெறகு திருப்பி வச்சும் இருக்கேன்" என்றேன்.

அவள் கதையைக் கேட்காமல் விடவில்லை. பிறகு மற்றவர்களும் கேட்டார்கள். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டதால் இப்போது எழுதியும் வைக்கிறேன்.

எனக்கு ஊர் ஆமத்தூர். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். எனக்கும் அங்கேயே ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் பத்தாம் வகுப்பு முடித்ததும் சிவகாசியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்ட ஆள் வேண்டும் என்றார்கள். பசை வாசனையில் ஆரம்பித்த வேலை. பிறகு வீடியோ வந்தது. மதுரையிலிருந்து வந்த ஒருவர் மிக்சிங் சொல்லிக்கொடுத்தார். ஊர் பிடிக்காமல் அவர் பாதியில் போய்விட, அவர் விட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். எழுந்தது போன தையில்தான்.

மிக்சிங் என்றால் இப்போதுள்ளவர்களுக்குச் சொல்லித்தான் புரிய வைக்க வேண்டும். இரண்டு வீடியோ டெக் இருக்கும். ஒன்றில் கல்யாணத்தில் எடுத்த கேசட் ஓடும். மற்றொன்றில் வெறும் கேசட். வேண்டிய காட்சி வரும்போது பதிவு பட்டனை அமுக்க வேண்டும். வேண்டாதது வந்தால் நிறுத்த வேண்டும். இப்படியே தாம்பூலம் மாற்றுவதிலிருந்து மறுவீடு வரை வரிசையாகப் பதிந்துகொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு காட்சியை விட்டுவிட்டால் அந்த இடத்தில் கொண்டுபோய் நுழைக்க முடியாது. அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறுபடி பதிய வேண்டும். சரி, பதிந்ததையே வைத்து இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்றால், காப்பிக்குக் காப்பி எடுக்க எடுக்கக் கலர் வெளுத்து, பட்டும் பருத்தியும் ஒன்று போலத் தெரியும். அதனால் ஒவ்வொரு முறை பட்டனைத் தொடும்போதும் யோசித்துத்தான் தொடுவோம்.

எங்கள் ஸ்டுடியோ மாடியில் இருந்தது. கீழே காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி. மெஷின் ஓடினால் எங்கள் டி.வி.யில் மணப்பெண் லேசாக நடுங்குவாள். நான் பயந்து டெக்கை நிறுத்துவேன். ஸ்டுடியோ வைத்திருந்த செல்வமணி அண்ணாச்சி உள்ளே எட்டிப் பார்த்து, "புள்ளைக்கு ஒண்ணுமில்ல விஜயா, கீள காலண்டர் ஓடுது" என்பார்.

அண்ணாச்சி அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. நான் வெட்டியது பிடிக்கவில்லையென்றால், "இன்னொரு வாட்டி ஓட்டு" என்பார். ஓட்டுவேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னொரு வாட்டி" என்பார். அதற்குள் தப்பு எனக்கே தெரிந்துவிடும். தெரிந்துவிட்டது என்று என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். என்ன தப்பு என்று அவர் வாயால் சொன்னதே இல்லை.

அவர் வாயால் சொன்னது ஒன்று உண்டு. "சண்ட வரக் கூடாது. ஆளு வரணும்."

கல்யாணம் என்றால் யாராவது ஒருவர் முறைத்துக்கொள்ளாமல் இருக்க மாட்டார்கள். பந்தியில் முந்தி உட்கார வைக்கவில்லை, மாலை எடுத்துக்கொடுக்கக் கூப்பிடவில்லை, வாங்க என்று சொன்ன குரல் சரியில்லை. மண்டபத்தில் கூட்டத்தோடு கூட்டமாக அது யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆனால் கேமராவுக்குத் தெரியும், மறுநாள் எனக்கும் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தை வெட்டிவிட வேண்டும். ஆனால் அந்த ஆள் வேறு எங்காவது சந்தனம் எடுத்துக்கொண்டோ, குழந்தையைத் தூக்கிக்கொண்டோ நிற்பார். அதைத் தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும். "கோவிச்சவன விட்டுட்டா, வருசா வருசம் படத்தப் பாக்கிறப்பல்லாம் அந்தக் கோவம் புதுசாயிரும்" என்பார் அண்ணாச்சி.

சாத்தூரில் ஒரு மாப்பிள்ளைக்கு இரண்டு அத்தைகள். கேசட் கொடுத்த மறுநாளே இருவரும் தனித்தனி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெரிய அத்தைக்குச் சின்ன அத்தை அதிகம் வருகிறாளாம். சின்ன அத்தைக்குப் பெரியவள்தான் டி.வி. முழுக்க நிற்கிறாளாம். அண்ணாச்சி இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துச் சேவும் டீயும் வரவழைத்தார். "நீங்களே பாருங்க ஆத்தா" என்று கேசட்டைப் போட்டு வேகமாக ஓட்டினார். வேகமாக ஓடும்போது இரண்டு பேரும் குடுகுடுவென்று மேடைக்கு ஓடுவதும், குனிந்து நிமிர்ந்து திருநீறு பூசுவதும், மறுபடி ஓடுவதுமாக இருந்தார்கள். பெரிய அத்தைதான் முதலில் சிரித்தார். போகும்போது ஒரே ஆட்டோவில் போனார்கள்.

இப்படித்தான் பெரும்பாலும் முடிந்துவிடும். முடியாமல் போன ஒன்றுதான் நான் சொல்ல வந்தது.

நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை வைத்திருந்தவர் ராஜபாண்டி முதலாளி. அவருக்கு ஒரே மகள் உமா. முதலாளியும் அவர் மனைவி கனகத்தம்மாளின் தம்பி முருகேசனும் வெகுகாலம் ஒரே ஆலையைச் சேர்ந்து நடத்தினார்கள். பிறகு முருகேசன் பிரிந்துபோய் அச்சங்குளத்தில் தனியாக ஓர் ஆலை போட்டார். பிரிந்தது பெரிய விஷயமில்லை. தீபாவளிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஆலையின் மூத்த போர்மேனும் அவர் பின்னாலேயே போய்விட்டார். சீசன் நடுவில் போர்மேன் இல்லாமல் முதலாளி தட்டுத்தடுமாறிப் போனார். மச்சினன்தான் ஆளை இழுத்துக்கொண்டான் என்று முடிவு கட்டி, அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அடுத்த வைகாசியில் உமாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருக்கும் குடும்பம். பேச்சு இல்லை என்றாலும் தாய்மாமன் வராமல் கல்யாணம் நடக்காது. அவர்தான் பெண்ணுக்கு மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டும். முருகேசன் சீர்த்தட்டுகளோடும் மேளத்தோடும் மண்டபத்துக்கு வந்தார். வாசலில் நின்று வரவேற்க வேண்டிய முதலாளி சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். முருகேசன் எதையும் காட்டிக்கொள்ளாமல் எல்லா முறையையும் செய்தார். தாலி கட்டி முடிந்ததும் உமாவின் தலையில் கை வைத்துவிட்டு, கை நனைக்காமல் கிளம்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சில நாளில் முதலாளி எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஆலையில் அவர் குரல் கேட் வரைக்கும் கேட்கும் என்பார்கள். எங்களிடம் மெதுவாகத்தான் பேசினார்.

"செல்வமணி, அந்தப் பய மொகம் கேசட்டுல ஒரு எடத்துல கூட வரக் கூடாது."

யார் என்று அண்ணாச்சி கேட்கவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒங்க இஷ்டம் மொதலாளி. ஆனா நீங்க பக்கத்துல இருந்து சொல்லணும். நாங்களா வெட்டிட்டா, பெறகு யாரு வெட்டச் சொன்னாகன்னு ஒரு பேச்சு வரும். ஒங்க வாயால சொன்னா விஜயா வெட்டுவா."

அவர் யோசிக்காமல் சம்மதித்துவிட்டார்.

மறுநாளிலிருந்து காலையில் ஆலைக்குப் போய்விட்டு, மதியம் ஸ்டுடியோவுக்கு வந்துவிடுவார். எனக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. அண்ணாச்சி மிக்சிங் அறையின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, எங்களைப் பார்க்கும்படி வெளியே உட்கார்ந்து ஆல்பம் ஒட்டினார். ஆல்பம் ஒட்ட வேறு ஆள் இருந்தது. இருந்தாலும் அவரே ஒட்டினார்.

முதலில் எல்லாம் சுலபமாகத்தான் போனது. முருகேசன் தட்டோடு நுழைகிறார். "வெட்டு." மேளத்துக்கு முன்னால் நடக்கிறார். "வெட்டு. பாரு, எப்பிடி நடக்கான்னு. என்னமோ அவன் வீட்டுக் கல்யாணங்கற மாதிரி." கனகத்தம்மாள் ஆரத்தி எடுக்கிறார். தம்பி நெற்றியில் பொட்டு வைக்கும்போது அவர் கை தயங்கி, பிறகு இரண்டாவது முறையும் வைக்கிறது. முதலாளி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வெட்டு" என்றார்.

மேடைக்கு வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. தாய்மாமன் என்பவர் கல்யாணத்தின் ஓரத்தில் நிற்பவர் இல்லை. உமா இருக்கும் இடமெல்லாம் அவரும் இருந்தார். மாலை போடும்போது எதிரில். பட்டம் கட்டும்போது முகத்துக்கு முகம். ஓமம் வளர்க்கும்போது பின்னால். உமாவின் சேலை முந்தானை நெருப்புப் பக்கம் சரிந்துவிடாமல், ஓமம் முடியும் வரைக்கும் அதைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பட்டாசுத் தொழில் செய்பவர்களுக்கு நெருப்பு என்றால் ஒரு கண் எப்போதும் அங்கேதான் இருக்கும். நான் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேசட் ஓடியது. புரோகிதர் நெய் விட்டார், நெருப்பு எழும்பியது, முருகேசனின் கை முந்தானையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தது.

"வெட்டவா மொதலாளி?"

"வெட்டு."

தாலி கட்டும் காட்சியை எப்படி வெட்டுவது? அதில் முருகேசனின் தோளும் பாதி முகமும் ஓரத்தில் இருந்தன. எங்களிடம் சில அலங்காரச் சட்டங்கள் உண்டு. பூக்கொத்து, இதயம், இரண்டு அன்னம். பூக்கொத்தை எடுத்து முருகேசன் முகம் இருந்த மூலையில் வைத்தேன். கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழும் நேரத்தில் மூலையில் ஒரு ரோஜாக் கொத்து தோன்றி, தாலி ஏறியதும் மறைந்தது. முதலாளிக்கே அது ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து, பாட்டும் டைட்டிலும் சேர்த்து, முழுக் கேசட்டையும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பாதியில் முன்னுக்குக் குனிந்தார்.

"என்னம்மா, புள்ள மொகம் ஏன் இப்பிடி இருக்கு?"

டி.வி.யை விரலால் காட்டினார்.

"குனிஞ்சே இருக்கா. இல்லாட்டி அளுத மாதிரி இருக்கா. நல்லா சிரிச்ச மாதிரி எடுக்கவே இல்லையா?"

"எடுத்திருக்கு மொதலாளி."

"அப்ப அதப் போட வேண்டியதுதான?"

"அதுல எல்லாம் அவுக இருக்காக" என்றேன்.

கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டி.வி.யில் உமா குனிந்த தலையோடு நடுங்கினாள். முதலாளி, "சரி, முடிச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு, கேசட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஆவணியில் கனகத்தம்மாள் வந்தார். தனியாக வந்திருந்தார். அதற்கு முன் அவரை நான் டி.வி.யில்தான் பார்த்திருக்கிறேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நடந்ததை அவரே சொன்னார்.

சம்பந்தி வீட்டார் விருதுநகரிலிருந்து வந்திருந்தபோது கேசட்டைப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா எதார்த்தமாக, "ஏன் சம்பந்தி, தாய்மாமன் கல்யாணத்துக்கு வந்தாகள்ல? எங்கனயும் காணுமே" என்று கேட்டிருக்கிறார். தட்டில் பலகாரம் வைத்துக்கொண்டிருந்த உமா நிமிர்ந்து, "வந்தாக அத்த. எங்கப்பா வெட்டச் சொல்லிட்டாக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாளாம். மறுபடி அப்பா முன்னால் வரவே இல்லை. அன்று சாயங்காலமே மாப்பிள்ளையோடு கிளம்பிப் போய்விட்டாள். போனவள் அதற்குப் பிறகு பிறந்த வீட்டுக்கு வரவில்லை. போன் செய்தாலும் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாள்.

"எந் தம்பி மாலை போடுற எடத்த மட்டும் தனியா ஒரு கேசட்டுல போட்டுக் குடுங்க அண்ணாச்சி. அவுகளுக்குத் தெரிய வேண்டாம். நான் சேலைக்கு அடியில வச்சுக்கிடுவேன். எம் மககிட்டக் குடுப்பேன்."

நான் கேசட்டை எடுக்க எழுந்தேவிட்டேன்.

அண்ணாச்சி, "இரு விஜயா" என்றார். பிறகு அவரிடம், "மன்னிச்சுக்கோங்கம்மா. ஒரு வீட்டுக்கு நான் ஒரே கல்யாணத்த ரெண்டு விதமாப் போட்டதில்ல. மொதலாளி கேப்பாக. கேக்கற அன்னைக்குப் போட்டுத் தாரேன்" என்றார்.

"அவுகளா? கேக்க மாட்டாகய்யா."

"கேப்பாகம்மா."

கனகத்தம்மாள் அழவில்லை. கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு அண்ணாச்சி மேல் கோபம் வந்தது. அத்தனை வருஷத்தில் அன்றுதான் அவரிடம் நேராகக் கேட்டேன். ஒரு காட்சிதானே, பதிந்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றேன்.

"சேலைக்கு அடியில ஒளிச்சு வச்சுப் பாக்கிறது கல்யாணப் படமா விஜயா?" என்றார். "இன்னைக்கு நாம குடுத்துட்டா அந்தம்மா மனசு ஆறிரும். பெறகு அந்த வீட்டுல யாரும் எதையும் கேக்க மாட்டாக. அப்பிடியே போயிரும்."

அவர் சொன்னது சரியா என்று எனக்கு அன்று தெரியவில்லை. அந்த ஆவணியில் முகூர்த்தம் அதிகம். கேமராமேன் கேசட் இல்லை என்று தினமும் சத்தம் போட்டார். எடுத்து முடித்த கேசட்டுகளிலேயே அடுத்த கல்யாணத்தைப் பதிவதுதான் எங்கள் வழக்கம். அண்ணாச்சி உமா கல்யாணக் கேசட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கேமராமேனுக்குப் புதுக் கேசட் வாங்கிக் கொடுத்தார்.

தீபாவளி முடிந்தது. கடைசி லாரியும் போய், ஆலைகளைக் கொஞ்ச நாள் பூட்டினார்கள். ஊரே ஓய்ந்து கிடந்த ஒரு மதியம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி. இளைத்திருந்தார். என் அறை வாசலில் நின்று அந்த நாற்காலியைப் பார்த்தார்.

"பளைய கேசட்டெல்லாம் அளிச்சிட்டீகளா?"

"இருக்கு மொதலாளி" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "தீவாளிக்கும் புள்ள வரலம்மா. மாப்பிள்ள மட்டும் வந்துட்டுப் போனாரு" என்றார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். "முளுசும் முந்தி மாதிரி ஆக்க முடியுமா?"

"முந்தி மாதிரின்னு ஒண்ணு இல்ல மொதலாளி. மொதல்ல இருந்து புதுசா போடணும்."

"போடு."

போட்டோம். இந்த முறை வேறு ஒரு தொல்லை. முருகேசன் வரும் இடம் எதையும் அவர் வெட்ட விடவில்லை. முருகேசன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால்கூட, "இருக்கட்டும்மா, இன்னுங் கொஞ்சம் நிக்கட்டும்" என்றார். முருகேசன் செருப்பைத் தேடுகிறார். "இருக்கட்டும்." முருகேசன் யாரிடமோ மணி கேட்கிறார். "அதும் இருக்கட்டும்." பாதிக் கேசட் போய்விட்டது, இன்னும் தாலி கட்டவில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "மொதலாளி, மாப்பிள்ளையவுங் கொஞ்சம் காட்டணும்ல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வெளியே ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சியும் தலையைத் தூக்கினார்.

ஓமம் வந்தது. முந்தானையைப் பிடித்த கை வந்தது. அதை அவர் இன்னொரு வாட்டி ஓட்டச் சொன்னார். பிறகும் இன்னொரு வாட்டி. தாலி கட்டும்போது இந்தத் தடவை ரோஜாக் கொத்து வரவில்லை.

கேசட் முடிந்ததும் அவர் கிளம்பவில்லை. அண்ணாச்சியிடம், "அச்சங்குளத்துக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும். நீயும் வாயேன் செல்வமணி. கேசட் குடுக்க வந்த மாதிரி இருக்கும்" என்றார்.

"நான் எதுக்கு மொதலாளி? விஜயாவக் கூட்டிட்டுப் போங்க. அவதான வெட்டுனா, அவதான ஒட்டுனா" என்றார் அண்ணாச்சி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரில் போனோம். முன்னால் முதலாளி. பின்னால் கனகத்தம்மாளும், மடியில் கேசட்டோடு நானும். முருகேசன் வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் முதலாளி இறங்கவில்லை. கண்ணாடி வழியாகக் கேட்டைப் பார்த்தபடியே, "நீ மொதல்ல எறங்கு" என்றார்.

"அது எந் தம்பி வீடு. நான் எப்ப வேணாலும் எறங்குவேன்" என்றார் கனகத்தம்மாள். "நீங்க எறங்குங்க."

அவர் இறங்கினார். அதற்குள் முருகேசன் வாசலுக்கு வந்திருந்தார். நான் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்த முகம். நேரில் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தார். இருவரும் கேட்டின் இரண்டு பக்கமும் நின்றார்கள். முருகேசன் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கேட்டை அகலத் திறந்தார்.

"வாங்க அத்தான்."

"கல்யாணக் கேசட் போட்டிருக்கு மாப்பிள்ள. பாக்கியா?"

"போன வைகாசில முடிஞ்ச கல்யாணத்துக்கா?"

"கொஞ்சம் வேல இருந்துச்சு அதுல" என்றார் முதலாளி.

முருகேசனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. விருதுநகருக்கும் அச்சங்குளத்துக்கும் எம்புட்டுத் தூரம்? ஆனாலும் ஒன்றும் கேட்காமல் கேசட்டை வாங்கி டெக்கில் போட்டார். அவர் மனைவி அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார். தட்டோடு தன் வீட்டுக்காரர் நடந்து வருவதைப் பார்த்ததும், "வேட்டியத் தூக்கிக் கட்டிட்டு நடக்காதீகன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார். கனகத்தம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

பட்டம் கட்டும் காட்சி வந்தது. முருகேசன் குனிந்து உமாவின் காதில் ஏதோ சொல்கிறார். உமா வாயைப் பொத்திக்கொண்டு, கழுத்து மாலை குலுங்கச் சிரிக்கிறாள். நாதஸ்வரச் சத்தத்தில் அவர் சொன்னது எதுவும் கேட்காது.

"என்ன மாப்பிள்ள சொன்ன அவகிட்ட?" என்று முதலாளி கேட்டார்.

முருகேசன் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லேன்."

"அளுதுட்டு இருந்தா அத்தான். நீங்க வாசலுக்கு வரலன்னு. 'அளுகாதம்மா, ஒங்கப்பா சமையக்கட்டுல சாம்பாருக்கு உப்புப் பாக்காரு. எனக்குன்னா ஒரு கை கூடப் போடச் சொல்லி நிக்காரு'ன்னேன்."

முதலாளியின் தோள் முதலில் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போர்மேன நானாக் கூப்புடல அத்தான்" என்றார் முருகேசன். "அவராத்தான் வந்தாரு."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அவரே வந்து சொன்னாரு. கல்யாணத்துக்கு முந்தியே தெரியும்" என்றார் முதலாளி. "கேசட்ட ஓட விடு. ஓமம் வரப்போகுது."

எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. கோழிக் குழம்பு. பந்தியில் எனக்கும் முதலாளிக்கும் நடுவில் முருகேசன் உட்கார்ந்துகொண்டு, ஏன் தன் சீர்த்தட்டுகளில் பாதியைக் கேமரா எடுக்கவில்லை என்று என்னிடம் வழக்குப் பேசினார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கனகத்தம்மாள் உமாவுக்குப் போன் போட்டு, ஒன்றும் சொல்லாமல் போனை முதலாளி காதில் வைத்துவிட்டார். அவர் எச்சில் கையோடு, "அம்மாடி, ஒங்க மாமா வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்றார். மறுமுனையில் உமா என்ன சொன்னாளோ, "ஆமாத்தா, ஆமாத்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உமா பொங்கலுக்கு வந்தாள். ஆலைகள் இரண்டும் இரண்டாகவேதான் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. சீசன் நேரத்தில் ஒருவருக்கு வெடிமருந்தோ பெட்டியோ குறைந்தால் மற்றவர் ஆலையிலிருந்து வண்டி போகும்.

அன்று திரும்பி வந்து ஸ்டுடியோ வாசலில் என்னை இறக்கிவிடும்போது, முதலாளி காரின் முன்பக்கப் பெட்டியைத் திறந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தார். முதலில் போட்ட கேசட், முருகேசனை எடுத்துவிட்டுப் போட்டது.

"இத வீட்டுல வைக்க வேண்டாம்மா. நீ வேற எதையாச்சும் பதிஞ்சுக்க."

தையில் ஆமத்தூரில் என் தங்கைக்குக் கல்யாணம். அண்ணாச்சியே கேமராவோடு வந்தார். முதலாளி கொடுத்த அந்தக் கேசட்டைத்தான் கேமராவில் போட்டார். எங்கள் தாய்மாமன் அன்று கொஞ்சம் சந்தோஷமாகவே வந்திருந்தார். மாலை போட்ட பிறகும் மேடையை விட்டு இறங்கவில்லை. யார் பரிசு கொடுக்க வந்தாலும் அவரே கை நீட்டி வாங்கினார். தங்கை முகத்தைவிட அவர் முதுகுதான் கேசட்டில் அதிகம். மிக்சிங்கில் உட்கார்ந்தபோது அண்ணாச்சி வாசலில் நின்று, "என்ன விஜயா, வெட்டணுமா?" என்றார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். "நிக்கட்டும்."